பல் உள்ளவன் பக்கோடா சாப்பிடுவான்

எங்கள் பக்கத்தில் பல்லுக்கென்று தனிப் பத்தியம் இருந்ததில்லை. காய்ச்சலுக்கு உண்டு, அம்மைக்கு உண்டு, மஞ்சள் காமாலைக்கு ஒரு மண்டலமே உண்டு. பல்வலி வந்தவனுக்காக மட்டும் யாரும் தனியாக உலை வைக்கவில்லை. வலிக்கிற வரைக்கும் சாப்பிட முடியாது, பிடுங்கிப் போட்ட பிறகு சாப்பிடலாம். நடுவில் கடைவாயில் அடக்கிக்கொள்ள ஒரு கிராம்பு.

இப்போது பல்லைப் பிடுங்குவதில்லை. உள்ளே இருக்கிற உயிரை எடுத்துவிட்டு வெறும் கூட்டைக் காப்பாற்றித் தருகிறார்கள். ரூட் கேனல். கூடவே அந்தக் கூட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று ஒரு தாளும் தருகிறார்கள். எனக்குக் கிடைத்த தாள் வழவழவென்று இருந்தது. மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் மசியல், ஓட்ஸ் கஞ்சி, கலக்கின முட்டை, ஸ்மூத்தி, அவகாடோ. வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஊர் அடுப்பை நினைத்து இதை அச்சடித்தார்களோ தெரியாது. நான் முழிப்பதைப் பார்த்த டாக்டரம்மா (என் மகளைவிடச் சின்னவர்), "ஒண்ணும் இல்ல அங்கிள், தயிர் சாதம் சாப்பிடுங்க, ரசம் சாதம் சாப்பிடுங்க. சூடா வேணாம். இந்தப் பக்கம் கடிக்காதீங்க, அந்தப் பக்கம் மென்னு சாப்பிடுங்க" என்று முடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில்தான் சங்கடம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

மனிதனுக்கு முதலில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதில் வருகிறது. எந்தப் பால்பல்லும் விழுந்து இடம் விடாமல், பின்னால் புது இடம் பிடித்து வருவதால் பெற்றவர்கள் அதையும் விழப்போகிற பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சொத்தை முதலில் குடியேறுவதும் அங்கேதான். எனக்கு அது 1966 வாக்கில், மணப்பாறையில் முளைத்தது. மணப்பாறையில் முளைத்த கடைவாய்ப் பல்லுக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்சி – திண்டுக்கல் பாதையில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் முறுக்குக் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஒரு தடவை எண்ணெயில் அரைவேக்காடாக எடுத்து ஆறவைத்து, மறுபடி போட்டுச் சிவக்க எடுப்பார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்புதான் ருசிக்குக் காரணம் என்பார்கள். உடைக்கும்போது கேட்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அது நமுத்த முறுக்கு, மாட்டுக்கு.

பல் தேய்க்கப் பெரியவர்களுக்கு வேப்பங்குச்சி, கரி, சாம்பல். எங்களுக்கு ரோஸ் நிறக் கோபால் பல்பொடி. அது இனிக்கும். கையில் கொட்டினதில் பாதிதான் பல்லுக்குப் போனது. இந்த லட்சணத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து, ஒரு ராத்திரி முழுக்க வீட்டைத் தூங்கவிடாமல் அடித்தேன்.

அப்பாயி காலையில் தீர்ப்புச் சொன்னாள். "புழு. புகை போட்டாப் போயிரும்."

கண்டங்கத்திரிப் பழத்தைக் காயவைத்து எடுத்த விதை வீட்டில் எப்போதும் ஒரு பொட்டலத்தில் இருக்கும். அடுப்பிலிருந்து கனிந்த கங்கை ஓட்டுச் சில்லில் எடுத்து, அதில் விதையையும் நாலு சொட்டு நல்லெண்ணெயையும் விட்டாள். எழும்பின புகையைக் கொட்டாங்கச்சியின் கண் வழியாக என் வாய்க்குள் விட்டாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், வாயில் எச்சில், எல்லாம் கீழே வைத்திருந்த வட்டிலில் விழுந்தது. வட்டில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. "பாத்தியா, எம்புட்டுப் புழு!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். ஐரோப்பாவிலும் ஹென்பேன் என்ற செடியின் விதையைப் புகைத்து இதே வித்தையைக் காட்டியிருக்கிறார்கள். வெடித்த விதைதான் அங்கே புழுவாக விழுந்தது. பல்லில் புழு எதுவும் இல்லை என்று பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுக்காரர் 1728இல் தன் பல் வைத்தியப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அந்தத் தகவல் எங்கள் தெருவுக்கு வந்துசேரவில்லை. புகை முடிந்ததும் எனக்குப் பழைய சோறும் வெங்காயமும் போட்டார்கள். புழு போனவனுக்கு என்ன பத்தியம்?

வலி போகவில்லை. அப்பா திருச்சிக்கு அழைத்துப்போனார். வாசலில் பல்செட் படம் வரைந்த பலகை, உள்ளே மிதித்தால் உயர்கிற நாற்காலி. அந்தக் காலத்துப் பல் வைத்தியர்களில் கல்லூரிக்குப் போனவர்களும் உண்டு, அப்பாவிடமோ மாமாவிடமோ தொழில் கற்றவர்களும் உண்டு. 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம், பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலையே நம்பி வாழ்ந்தவர்களையும் 'பி' பகுதி என்று தனியாகப் பதிவு செய்துகொண்டது. சென்னைப் பக்கம் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பல் பார்த்தன. எங்கள் ஆள் எந்தப் பகுதி என்று நாங்கள் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். மூடும்போது பல் அவர் கையில் இருந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார், எச்சில் துப்பாதே என்றார், பையனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுங்கள் என்றார். ஜங்ஷன் வாசலில் அப்பா சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். ராத்திரி ஆட்டுக்கறிக் குழம்பு.

அன்று முதல் வலது பக்கம் கீழே ஒரு சந்து. பக்கத்துப் பற்கள் அந்தச் சந்தை எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துச் சாய்ந்துபோயின. மெல்லும் உத்தியோகம் முழுக்க இடது பக்கத்துக்கு வந்தது. ஐம்பது வருஷம் தனியாக அரைத்துக் கொட்டிய பல்தான் இப்போது ரூட் கேனல் ஆனது. ஆகவே அந்தப் பக்கம் மென்னு சாப்பிடுங்க என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அந்தப் பக்கமே இல்லை.

அப்பாயிக்கு எந்தப் பக்கமும் இல்லை. நான் பார்த்த நாளிலிருந்தே வாயில் ஒரு பல் கிடையாது. ஆனால் அவள் சாப்பிடாத பண்டம் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. எல்லாம் வெற்றிலை உரலின் உபயம். கைக்கு அடங்கின இரும்பு உரல், கூடவே ஒரு சாண் உலக்கை. உலக்கையின் ஒரு முனை உருண்டை, இடிக்க. மறுமுனை தட்டை, சுரண்டி எடுக்க. உள்சுவர் தேய்ந்து பளபளக்கும், விளிம்பில் மட்டும் செங்காவி ஏறியிருக்கும். முதலில் பாக்குத் துண்டைப் போட்டு நாலு குத்து. பிறகு காம்பு கிள்ளி நரம்பு உரித்த வெற்றிலை. நுனி விரலில் தொட்ட சுண்ணாம்பை உரல் வாயிலேயே வழித்துவிட்டு மறுபடி டொக் டொக். மத்தியானத் தூக்கத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் தாலாட்டு.

சாயங்காலம் அதே உரலை முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு முறுக்கைப் போடுவாள். கூட ஒரு துண்டு வெல்லம். இடித்தபின் தட்டை முனையால் சுரண்டி உள்ளங்கையில் கொட்டி, அண்ணாந்து போட்டுக்கொள்வாள். உப்பு, எள், வெல்லம், அடியில் லேசாகச் சுண்ணாம்புக் காரம். நல்ல பல் வைத்திருந்த பேரப்பிள்ளைகள் எல்லாரும் அந்த உரலைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். சீடையை மோரில் ஊறப் போடுவாள். அதிரசத்தைப் பாலில். கறி எடுத்த அன்று அவளுக்கென்று சுவரொட்டி வாங்கி வருவார் அப்பா. அது சுட்டாலும் வதக்கினாலும் நாக்கிலேயே மசியும். எலும்புச் சாற்றை உறிஞ்சிவிட்டு எலும்பை எங்களிடம் தள்ளுவாள். பல் போனதால் ஒரு பண்டத்தை விட்டுக்கொடுத்தாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் வாயில் இன்றைய தேதிக்கு எண்ணிச் சொல்லும்படியாகவே பற்கள் இருக்கின்றன. முறுக்கு, தட்டை, பட்டாணி, எலும்பு, கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், ஐஸ் கட்டி, ஒன்றும் கூடாது. பல் உள்ளவன் பக்கோடா சாப்பிடுவான் என்று சொல்லிவைத்தவர்கள் ரூட் கேனல் பார்த்ததில்லை.

அந்த வேலை நடக்கிற விதம் சுவாரசியமானதுதான், மற்றவர் வாயில் நடந்தால். மரத்துப்போக ஊசி. லிடோகெய்ன், 1943இல் சுவீடனில் தயாரித்தது. பிறகு ரப்பர் விரிப்பு மாட்டிப் பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டு, கிணற்றில் தூர் வாருகிற மாதிரி வேருக்குள் ஊசி ஊசியாக இறக்கி இறக்கி எடுக்கிறார்கள். ஊசிப் பிடிகளுக்கு நிறம் உண்டு. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம் தடிமன் கூடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் வேர் இரண்டு, கால்வாய் மூன்று. தூர் வாரி முடித்தபின் அடைப்பதற்குக் கட்டாபெர்ச்சா. மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பால் அது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உப்புத் தண்ணீர் ஏறாமல் உறையாக இருந்ததும் இதுதான். இப்போது என் எச்சில் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. மரத்தின் குலம் கோத்திரம் விசாரித்தால் நமக்குச் சொந்தம்: இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் ஒரே குடும்பம். மகிழம்பட்டைப் பொடியால் பல் தேய்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். சப்போட்டாப் பழம் எனக்கு அனுமதிக்கப்பட்ட பட்டியலில் சேரும். அதே மரத்துப் பாலில் ஆதியில் செய்த சூயிங்கம் தடைப் பட்டியலில்.

கேப் போடும்வரைக்கும் மேலே தற்காலிகமாக ஒரு சிமெண்ட் அடைத்தார்கள். அதன் வாசனை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் சேர்ந்த கலவையாம். யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயில் இருக்கும் சரக்கு. இத்தனை மிஷின், எக்ஸ்ரே, பில் எல்லாம் கடந்து வந்தபின் கடைவாயில் ஒரு கிராம்பு.

மரமரப்பு விடுகிற வரைக்கும் எதுவும் சாப்பிடக்கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தையும் நாக்கையும் சேர்த்து மென்றுவிடுவோம், தெரியவும் தெரியாது. நான் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன். குடித்ததில் ஒரு பங்கு உதட்டோரமாக இறங்கிச் சட்டைக்குப் போனது. பேரன் கைதட்டினான்.

பிறகு காப்பி. வெதுவெதுப்பாக மட்டும் சாப்பிடுங்கள் என்பதை ஓட்ஸ் கஞ்சி குடிக்கிற ஊரில் சாதாரணமாகச் சொல்லிவிடலாம். டவராவில் ஆற்றினாலும் ஆவி பறக்கும்போதே தொண்டைக்குள் விட்டுப் பழகினவனிடம் சொல்லலாமா? நரம்பைத்தான் எடுத்துவிட்டார்களே, அந்தப் பல்லுக்குச் சூடு எப்படித் தெரியும் என்று வாதாடிப் பார்த்தேன். பல்லுக்குத் தெரியாது, சுற்றியிருக்கிற ஈறு புண்ணாக இருக்கிறது, அதற்குத் தெரியும் என்று பதில் வந்தது. ஆறின காப்பியைக் குடித்தேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும். ஆகவே சாப்பிட்டே ஆகவேண்டும். இட்லிக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இட்லிக்கு இல்லை, இட்லிக்குத் துணை வருகிறவர்களுக்கு இருக்கிறது. பொடி உள்ளே போய் ஈறில் உட்காரும். சட்னியில் தாளித்த கடுகு. கடுகு என்ற பொருள் எவ்வளவு கெட்டியானது என்று கடைவாய்ப் பல் வேலைநிறுத்தம் செய்தால்தான் தெரியும். ரசம் சாதத்தில் மிளகாய்த் தோலும் கறிவேப்பிலையும் போய் ஒட்டும். மனைவி எல்லாவற்றையும் வடிகட்டிக் கொடுத்தாள். வடிகட்டின ரசம், வடிகட்டின சாம்பார். இடியாப்பமும் தேங்காய்ப் பாலும்தான் யாருக்கும் சிரமம் தராமல் இறங்கியது. ஆப்பத்தில் நடுப்பகுதி எனக்கு, மொறுமொறு ஓரம் பேரனுக்கு. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான். ஆனால் கூழை யாரும் கூழுக்காகக் குடிப்பதில்லை. பச்சை வெங்காயமும் மோர் மிளகாயும் கடிக்கக் கூடாதென்றால் மிஞ்சுவது மருந்து.

பெங்களூரிலிருந்து மகள் தினமும் கூப்பிட்டு, "அப்பா, அவகாடோ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். கொடைக்கானலுக்குக் கீழே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற மரம். பட்டர் ஃப்ரூட் என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள், நாங்கள் வாங்கமாட்டோம். புளிப்பா, இனிப்பா, எதுவும் இல்லையே என்று. இன்று அது பஞ்சு மெத்தையில் வைத்து வருகிறது. வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் எதுவும் இல்லை.

நோயாளிச் சாப்பாடும் இப்போது இடம் மாறிவிட்டது. அன்று மணப்பாறையில் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு நடந்தால் எதிரே வருகிறவர் நின்று, "வீட்ல யாருக்கு உடம்பு முடியல?" என்று கேட்பார். 1965இல் அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் என்று கம்பெனி தொடங்கி ரொட்டி சுட்டபோதும் எங்கள் தெருவில் ரொட்டியின் மேலிருந்த ஆஸ்பத்திரி வாசனை போகவில்லை. பாலில் தோய்த்த ரொட்டி, ஹார்லிக்ஸ், பார்லித் தண்ணீர், ஆரோரூட் கஞ்சி. இதெல்லாம் கிடைக்கும் என்பதற்காகவே காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்டது உண்டு. இன்று பேரனுக்குக் காலையில் ரொட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரொட்டி, ஒரு குறையும் இல்லாமல் ஓடியாடுகிறான். உடம்புக்கு முடியாத எனக்கு நொய்க் கஞ்சியும் கம்பங்கூழும். அதுவும் லேசில் கிடைக்கிறதா? ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த சமயத்திலிருந்து எங்கள் பகுதியில் மண் கலயத்தில் கூழ் விற்கிற ஏசி கடை வந்திருக்கிறது. களத்துமேட்டில் அப்பாயி தூக்குவாளியில் கொண்டுபோன கூழைவிடத் தண்ணியாக இருந்தது. மசால் தோசையைவிட விலை அதிகம்.

இனிப்பு விஷயத்தில் நானே ஒரு தணிக்கை நடத்தினேன். அரசாங்கம் புவிசார் குறியீடு கொடுத்த பண்டங்களைப் பல் கண்ணால் பார்த்தேன். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா: தாராளமாக. அதே வருஷம் பழனிப் பஞ்சாமிர்தம்: சாப்பிடலாம், கற்கண்டைப் பொறுக்கிவிட்டு. 2020இல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்: கெட்டியும் உண்டு, பிசுக்கும் உண்டு, தற்காலிகச் சிமெண்டைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். 2023இல் மணப்பாறை முறுக்கு. ஊரின் பெயர் சட்டப்படி முறுக்கின் மேல் ஏறின நேரம் பார்த்து என் பல் இறங்கிவிட்டது.

கேப் போட்டாயிற்று. சிர்கோனியா. வெள்ளையாக இருக்கிறது, பக்கத்துப் பற்கள்தான் வெட்கப்படுகின்றன. இனிமேல் எல்லாம் சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"சாப்பிடலாம் அங்கிள். ஆனா முறுக்கு, எலும்பு, கெட்டியான சீடை, இதெல்லாம் அந்தப் பல்லுல வேணாம். உள்ள குடைஞ்சிருக்கோம்ல, சுவர் மெலிசு."

"அப்ப எதுக்கு டாக்டர் இந்தப் பல்லு?"

"கடிக்கத்தான் அங்கிள்" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தோம். பந்தியில் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டு ஊறவைத்துச் சாப்பிட்டு எழுந்து, முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. மரப்பாச்சி, எனாமல் தூக்கு, யார் வீட்டுத் தாத்தாவோ முறைக்கிற படம், இவற்றுக்கு நடுவில் ஒரு வெற்றிலை உரல், உலக்கையோடு. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் மனைவி என்னைப் பின்னாலிருந்து இழுத்தாள். பல்லுக்கு இவ்வளவு அழுதுவிட்டு உரல் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றாள். கொஞ்சம் பேரம் பேசினேன்.

"ஷோகேஸ்ல வைக்கவா சார்?" என்றார் கடைக்காரர், பேப்பரில் சுற்றிக்கொண்டே. "அப்பன்னா பாலிஷ் போட்டுத் தர்றேன்."

பாலிஷ் எதுவும் வேண்டாம், வாயில் போகிற பண்டத்துக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் உள்ளே தவிட்டையும் நல்லெண்ணெயையும் போட்டுக் குத்திக் குத்தித் துடையுங்கள், துரு போய்விடும், முதல் இடிப்பை மட்டும் கீழே கொட்டிவிடுங்கள் என்றார்.